மாட்டை இழந்தோரும் புலியைக் காப்போரும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் புலிக்குத்திக் கல் என்று வழங்கும் நடுகற்கள் பல உண்டு. பாய்ந்து வரும் புலியை ஒரு வீரன் ஈட்டியாலோ வாளாலோ குத்துவதாக அக்கற்களில் செதுக்கியிருப்பர். பட்டியையும் ஊரையும் காப்பதற்காகப் புலியோடு பொருது மாண்டவனுக்கு ஊரார் எடுப்பித்த நினைவுச் சின்னம் அது. கர்நாடகத்திலும் இத்தகைய வீரக்கற்களைக் காணலாம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கண்டவர் நம் முன்னோர். ஆகவே மந்தையைக் காத்து மாண்டவனுக்குப் பட்ட கடனை ஊர் முழுவதும் தன் கடனாக ஏற்றுக்கொண்டது. அவன் உருவைக் கல்லில் அமைத்து வழிபட்டது.

அக்காலத்தில் புலி ஊருக்குப் பகை. இக்காலத்தில் அது நம் தேசிய விலங்கு. 1972-ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973-இல் புலித் திட்டம் தொடங்கியபோது முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளில் கர்நாடகத்தின் பந்திப்பூரும் ஒன்று. அதன் பயனை இன்று காண்கிறோம். 2022-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்துக் காடுகளில் 563 புலிகள் உள்ளன. இவ்வகையில் மத்தியப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் அம்மாநிலத்துக்கே உரியது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்பெருமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்பது அரிது. பெங்களூரிலோ சென்னையிலோ வாழும் நாம் புலியின் படத்தைக் கண்டு மகிழ்கிறோம். காட்டின் ஓரத்தில் வாழும் குடியானவரோ, மாலையில் வீடு திரும்பாத பசுவைத் தேடிக் கையில் விளக்குடன் அலைகிறார். புலி நாடு முழுவதற்கும் உரிய உடைமை. அவ்வாறாயின், அது கொன்ற பசு மட்டும் தனி ஒருவரின் நஷ்டமாக நிற்பது முறையாகுமா? நாம் இங்கே ஆராய விரும்பும் கேள்வி இதுதான். இது வெறும் இரக்கத்தைப் பற்றிய கேள்வியன்று. புலி வாழுமா என்பதே இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தது.

ஒரு துயரச் சம்பவத்தை நினைவுகூர்வோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் தேதி, கர்நாடகத்தின் சாமராஜநகர் ஜில்லாவிலுள்ள மாதேசுவரன் மலைக் காட்டுயிர்ச் சரணாலயத்தில், ஒரு தாய்ப் புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. அருகே ஒரு பசுவின் உடல் கிடந்தது. பசுவைப் புலி கொன்றதால் எழுந்த சினத்தில், அதன் உடலில் நஞ்சு கலந்து வைக்கப்பட்டது என்று விசாரணையில் வெளிப்பட்டது. ஒரு பசுவுக்கு ஐந்து புலிகள். செய்தியைக் கேட்ட நாடு திடுக்கிட்டது. குற்றம் குற்றமே; சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டியதுதான். ஆனால் அச்சினம் அங்கே எவ்வாறு விளைந்தது என்று ஆராயாமல் விட்டால், அதே கதை வேறொரு மலையில் மீண்டும் நிகழும்.

இதில் ஓர் இயற்கை நுட்பம் அடங்கியிருக்கிறது. புலி தான் வீழ்த்திய பெரிய இரையை ஒரே வேளையில் உண்டு முடிப்பதில்லை. வயிறார உண்டபின் அருகிலுள்ள புதரிலோ நீர்நிலையருகிலோ படுத்திருந்து, இரவில் மீண்டும் அவ்விடத்துக்கே வரும். பல நாட்கள் அதே இரையை உண்ணும். குட்டிகள் இருந்தால் அவற்றையும் அழைத்து வரும். ஆகையால் இறந்த மாட்டின் மேல் ஒரு கைப்பிடி பூச்சிமருந்தைத் தூவுவோர், துப்பாக்கியின்றி, காவலாளியின் கண்ணிலும் படாமல் ஒரு புலிக் குடும்பத்தையே அழித்துவிட இயலும். நரியும் கழுகும் அவ்வுடலை உண்டால் அவையும் மடியும். எத்தனை வனக்காவலரை நியமித்தாலும் ஒவ்வொரு மாட்டின் உடலையும் காவல் காப்பது ஆகாத காரியம். மாட்டை இழந்தவரின் மனத்தில் சினம் மூளாமல் தடுப்பதே இதற்கு மெய்யான காவல்.

காட்டோரக் கிராமங்களில் மாடு எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதை அறிந்தால்தான் இவ்விழப்பின் அளவு நமக்கு விளங்கும். பந்திப்பூரை அடுத்த குண்டலுப்பேட்டை தாலுகாவிலும், நாகரஹொளேயை அடுத்த ஹெக்கடதேவனகோட்டை, ஹுணசூர் தாலுகாக்களிலும் உள்ள சிறு குடியானவர்களுக்கு மாடு பால் தரும் பிராணி மட்டுமன்று. அது ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும், நிலத்துக்கு எரு தரும். மழை பொய்த்த ஆண்டில் விற்றுக் காசாக்கக்கூடிய ஒரே சேமிப்பும் அதுவே. வங்கியில் பணமில்லாதவர்க்குத் தொழுவமே வங்கி. கறவைப் பசு ஒன்று இறந்தால் அன்றாட வருமானம் உடனே நிற்கிறது. உழவு மாடு ஒன்று இறந்தால் ஜோடி குலைந்து மற்றதும் பயனற்றுப் போகிறது.

சாணத்தின் கதை இன்னும் வியப்பானது. மைசூரிலுள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எம். டி. மதுசூதன் பந்திப்பூர் ஓரக் கிராமங்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகச் சந்தையில் காப்பியின் விலை உயர்ந்த காலத்தில், காப்பித் தோட்டங்களுக்கு எருவின் தேவை மிகுந்தது. அதனால் இக்கிராமங்களில் சாணம் விற்பனைப் பண்டமாயிற்று. சாணத்துக்காகவே மாடுகளை மிகுதியாக வளர்க்கலாயினர். அம்மாடுகள் மேய்வதற்குக் காட்டினுள் சென்றன. எங்கோ கடல் கடந்த நாட்டில் ஒருவர் பருகும் காப்பிக்கும், பந்திப்பூர்ப் புல்லில் மேயும் மாட்டுக்கும் இத்தகைய தொடர்பு இருக்கிறது. காட்டினுள் மாடு செல்வதைக் குடியானவரின் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதன் வேர் வெகுதூரம் ஓடுகிறது.

இழப்பு எவ்வளவு என்பதற்கும் அதே ஆராய்ச்சியாளர் கணக்குக் காட்டியிருக்கிறார். கர்நாடகத்தின் பத்ரா புலிகள் காப்பகத்தின் உள்ளே அமைந்திருந்த கிராமங்களைப் பற்றி 2003-இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கிருந்த குடும்பங்கள் தங்கள் கால்நடைகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டை ஆண்டுதோறும் புலி, சிறுத்தை ஆகியவற்றுக்குப் பறிகொடுத்தன. அவர்களுக்குக் கிட்டிய நஷ்டஈடோ, இழந்த கால்நடைகளின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு ஐந்தளவே. அக்கிராமத்தார் பின்னர்க் காட்டுக்கு வெளியே குடியமர்த்தப்பட்டனர். எனினும் இக்கணக்கு மறக்கத்தக்கதன்று. நூறு ரூபாய் இழந்தவருக்கு ஐந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, புலியை நேசியுங்கள் என்று உபதேசம் செய்தால் யார் செவிசாய்ப்பர்?

நஷ்டஈடு வழங்க விதி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காட்டு விலங்கால் கால்நடை கொல்லப்பட்டால் உரியவருக்குப் பணம் வழங்கும் ஏற்பாடு நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. விதி ஏட்டில் இருப்பதும், பணம் குடிசையை அடைவதும் வெவ்வேறு காரியங்கள். இடையிலே பல படிகள் உண்டு.

மாடு கொல்லப்பட்ட செய்தியைக் காலதாமதமின்றி வனத்துறைக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை உடலை அப்புறப்படுத்தலாகாது. வனத்துறை ஊழியர் வந்து இடத்தைப் பார்வையிட வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து உடலைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அடையாளங்களைக் கொண்டே எந்த விலங்கு கொன்றது என்று முடிவு செய்வர். புலி பெரிய மாட்டைப் பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்லும். பின்தொடைப் பக்கத்திலிருந்து உண்ணத் தொடங்குவது அதன் வழக்கம். சிறுத்தை பெரும்பாலும் வயிற்றுப் புறத்திலிருந்து தொடங்கும். சிறிய இரையாயின் மரத்தின் மேலும் இழுத்துச் செல்லும். செந்நாய்கள் கூட்டமாகத் துரத்தி விலாப்புறத்தைக் கடிக்கும். பற்குறியின் இடைவெளியும் அருகிலுள்ள காலடித் தடமும் சாட்சி சொல்லும். ஒரு மழை பெய்தால் தடம் அழிந்துவிடும். இரண்டு நாள் வெயில் அடித்தால் உடல் அழுகிவிடும். ஆகவே இங்கே நேரமே முதற்சாட்சி.

அதன்பின் விண்ணப்பம் எழுத வேண்டும். அதனுடன் புகைப்படம், அடையாளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் முதலியவற்றை இணைக்க வேண்டும். வனச்சரக அலுவலகம் பல மைல்களுக்கு அப்பால் இருக்கும். ஒருமுறை செல்வதென்றால் ஒரு நாட்கூலி போயிற்று. பஸ் கட்டணமும் போயிற்று. சென்ற நாளில் அதிகாரி வெளியே போயிருந்தால் மறுநாளும் செல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, இழந்த ஓர் ஆட்டுக்காக இத்தனை படிகளையும் ஏறுவாரா? ஏறுவதற்கு முன்பே மனம் சலித்து, விதியை நொந்துகொண்டு வீட்டிலே இருந்துவிடுவார். அவர் விண்ணப்பிக்காததால் ஏட்டில் இழப்பே நிகழவில்லை என்றாகிவிடுகிறது.

இந்தப் படிகளைக் குடியானவரோடு சேர்ந்து ஏறுவதற்கென்றே பெங்களூரிலிருந்து ஒரு பணி தோன்றியது. பெங்களூரில் காட்டுயிர் ஆய்வு மையம் என்றொரு நிறுவனம் உண்டு. புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் காரந்த் 1984-இல் அதை நிறுவினார். நாகரஹொளேக் காட்டில் புலிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை அணிவித்தும், தானாக இயங்கும் கேமராக்களை வைத்தும் அவற்றின் வாழ்வை ஆராய்ந்து புகழ் பெற்றவர் அவர். கன்னட இலக்கியத்தின் பெரும் எழுத்தாளரான சிவராம காரந்தரின் மகன். அவர் மகள் கிருதி காரந்தும் காட்டுயிர் விஞ்ஞானியே. காட்டோரக் குடும்பங்கள் பலவற்றை நேரிற்கண்டு அவற்றின் இழப்புகளை ஆராய்ந்தவர் அவர். பலர் நஷ்டஈடு கேட்பதே இல்லை என்பதை அறிந்து, 2015-ஆம் ஆண்டில் அவருடைய தலைமையில் அம்மையம் ‘வைல்ட் சேவே’ என்னும் பணியைத் தொடங்கிற்று. வைல்ட் என்பது காட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; சேவே என்பது சேவை என்னும் பொருளுடைய கன்னடச் சொல்.

இப்பணி நடைபெறும் முறை மிகவும் எளியது. பந்திப்பூர், நாகரஹொளே ஆகிய காடுகளைச் சூழ்ந்த சுமார் 600 கிராமங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று அறிவிக்கப்பட்டது. மாடு கொல்லப்பட்டாலும், யானை பயிரை மிதித்தாலும், மனிதருக்குக் காயம் நேர்ந்தாலும் அந்த எண்ணை அழைக்கலாம். அழைப்பு வந்ததும் அப்பகுதியிலுள்ள களப்பணியாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்விடத்துக்கு விரைகிறார். இழப்பைப் படம் எடுக்கிறார், அளவிடுகிறார், விண்ணப்பத்தை எழுதித் தருகிறார், வேண்டிய சான்றுகளைச் சேர்த்து வனத்துறையிடம் சமர்ப்பிக்க உதவுகிறார். அதன்பின் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறதென்று தொடர்ந்து விசாரிக்கிறார். இவ்வாறு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்களுக்கு உரிய தொகையைக் கேட்டுப் பெற வழி பிறந்தது. இப்பணிகளுக்காகக் கிருதி காரந்துக்கு 2019-இல் ரோலெக்ஸ் பரிசு வழங்கப்பெற்றது.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். இந்நிறுவனம் தன் பையிலிருந்து நஷ்டஈட்டைக் கொடுப்பதில்லை. அரசாங்கம் கொடுப்பதாக வாக்களித்த பணத்தைப் பெறுவதற்கே துணை நிற்கிறது. இதில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. தர்மமாகக் கிடைக்கும் பணம் ஒருநாள் நின்றுவிடும். உரிமையாகக் கிடைக்கும் பணம் நிலைத்திருக்கும். பிறர் கொடையை எதிர்பார்த்து நிற்பதினும், தம் உரிமையைக் கேட்கக் கற்பது குடியானவரின் தன்மதிப்பை வளர்க்கும். அரசாங்கத்துக்கும் அவருக்கும் இடையே அறுந்துபோன கயிற்றுக்கு முடிச்சுப் போடுவதே இத்தகைய பணியாகும்.

இத்தகைய திட்டத்தைத் தலைமையேற்று நடத்துவோருக்கு வேண்டிய குணங்கள் யாவை? முதலாவது விரைவு. மாடு இறந்த அன்று வரும் ஒருவர், மாதம் கழித்து வரும் பத்துப் பேரினும் மேலானவர். இழந்தவரின் சினம் முதல் இரவிலேதான் உச்சத்தில் இருக்கும். புலி திரும்பி வருவதும் அந்த இரவிலேதான். அந்நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்று, உங்கள் இழப்பு எழுதப்பட்டுவிட்டது என்று சொன்னால், நஞ்சைத் தேடும் கை தயங்கும்.

இரண்டாவது, பேச்சும் பழக்கமும் ஒத்த பணியாளர். தலைமை நிலையம் பெங்களூரில் இருக்கலாம். ஆனால் வயலில் வந்து நிற்பவர் அம்மண்ணின் மொழியைப் பேச வேண்டும். எருதின் வயதைப் பல் பார்த்துச் சொல்லத் தெரிந்தவராயின் மிக நன்று. மூன்றாவது, நடுவுநிலை. பொய் விண்ணப்பம் ஒன்று புகுந்துவிட்டால் மெய்யான நூறு விண்ணப்பங்களும் ஐயத்துக்கு உள்ளாகும். நோயால் இறந்த மாட்டைப் புலி கொன்றதாக எழுதச் சொன்னால், முடியாது என்று சொல்லும் துணிவு வேண்டும். அதே துணிவோடு, தாமதிக்கும் அலுவலகத்தின் வாயிலிலும் நின்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மக்கள் நம்பார். மறுபக்கம் சாய்ந்தால் அதிகாரிகள் நம்பார்.

நான்காவது, பதிவேடு. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த விலங்கால், எப்பொழுது இழப்பு நேர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தால் அதுவே வழிகாட்டியாகும். இழப்பு எல்லா ஊர்களிலும் ஒரே அளவாக நிகழ்வதன்று. சில வீடுகளின் கதவையே துன்பம் திரும்பத் திரும்பத் தட்டும். அவ்வீடுகளுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், உறுதியான தொழுவம் கட்டித் தருவது அறிவுடைமை. சிறுத்தை இரவில் ஊருக்குள் வந்து ஆட்டையும் கன்றையும் கவரும் இடங்களில், கூரையும் கதவும் கம்பி வலையும் அமைந்த கொட்டகை பெரும்பாலான இழப்பைத் தடுக்கும். காட்டினுள் தனியே திரியும் மாட்டைப் புலியிடமிருந்து காக்க எந்தக் கொட்டகையாலும் முடியாது. அதற்கு மேய்ப்பரும், பொழுது சாயுமுன் திரும்பும் ஒழுங்குமே துணை.

பணம் கிடைக்குமென்றால் மேய்ப்போர் கவலையற்றுப் போகமாட்டாரா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பிற நாட்டார் இதற்கு விடை கண்டிருக்கின்றனர். அமெரிக்காவின் மொண்டானாவில், ஓநாயால் மாடு இழந்த பண்ணையாருக்கு ஒரு தனியார் காட்டுயிர்ச் சங்கம் 1987 முதல் ஈடு வழங்கிவந்தது. பிற்காலத்தில் அங்கே இழப்பைத் தடுக்கும் ஏற்பாடுகளுக்கு முதன்மை தரப்பட்டது. கென்யாவில் கிளிமஞ்சாரோ மலைக்கு வடக்கே, மாசாய் மக்களின் உம்பிரிகானி மேய்ச்சல் நிலத்தில் 2003-இல் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. அங்கே பட்டியை நன்கு காத்தும் இழந்தவருக்குக் கூடுதல் தொகை. காவலின்றி விட்டு இழந்தவருக்குக் குறைந்த தொகை. எவரேனும் ஒரு சிங்கத்தைக் கொன்றால் அவ்வட்டாரத்தார் யாவருக்கும் ஈடு மறுக்கப்படும். அதனால் சிங்கத்தைக் காப்பது ஊரின் பொதுக் காரியமாயிற்று.

நம் நாட்டிலேயே இன்னும் அழகிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே பனிச்சிறுத்தை, யாக் மாடுகளின் கன்றுகளைக் கொன்றுவந்தது. முன்பு குறிப்பிட்ட மைசூர் நிறுவனத்தைச் சேர்ந்த சாருதத் மிஸ்ராவும் அவருடைய தோழர்களும் கிராமத்தாரோடு கலந்து பேசி, 2002-இல் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஒவ்வொரு குடும்பமும் தன் மாட்டுக்காகச் சந்தா செலுத்துகிறது. வெளியிலிருந்து வந்த உதவித் தொகையும் அதனோடு சேர்கிறது. எந்த இழப்பு மெய், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கிராமக் குழுவே தீர்மானிக்கிறது. தம் சொந்தச் சந்தா அதிலே கலந்திருப்பதால் பொய்க்கு அங்கே இடமில்லை. மேலும் அக்கிராமத்தார் தம் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென ஒதுக்கி வைத்தனர். அவ்விடத்தில் காட்டு ஆடுகள் பெருகின. பனிச்சிறுத்தைக்கு இயற்கை இரையும் பெருகிற்று. நம் புலிக்குத்திக் கல்லில் கண்ட பழைய நெறியை, இழப்பை ஊரே ஏற்கும் நெறியை, இங்கே புது வடிவில் காண்கிறோம்.

இதுவரை இழந்த மாட்டைப் பற்றிப் பேசினோம். இழக்காத மாடு எங்கே மேயும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. மாதேசுவரன் மலைத் துயரத்துக்குப்பின், அதே ஆண்டு ஜூலையில், காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்ய வேண்டுமென்று கர்நாடக வனத்துறை அமைச்சர் பணித்தார். விவசாயிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அம்மலைக்கு இப்பால் நம் ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலை இருக்கிறது. செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு மலையில் மேய்ந்து வளரும் இனம். 2024 ஜனவரியில் அம்மலைக்காடுகள் தந்தை பெரியார் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது, மேய்ச்சல் நின்றுவிடுமோ என்று அங்குள்ள மாடு வளர்ப்போர் அஞ்சினர். மேய்ச்சல் நின்றால் அவ்வினமே நின்றுவிடும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. அவ்வுரிமையையும் புலியின் வாழ்வையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதே அரிய காரியம்.

மேய்ச்சல் நிலத்தைப் பேணும் கலை மைசூர் நாட்டுக்குப் புதியதன்று. மைசூர் மன்னர்கள் சிறந்த மாட்டினங்களை வளர்க்க ‘காவல்’ என்னும் புல்வெளிகளை ஒதுக்கி வைத்தனர். திப்பு சுல்தான் அந்தக் கால்நடைத் துறைக்கு அமிர்த மஹால் என்று பெயரிட்டார். பீரங்கி இழுத்துப் புகழ்பெற்ற அம்மாட்டினம் இன்றும் அப்பெயரால் வழங்குகிறது. அப்புல்வெளிகளிலே மாடு மேய்ந்தது. வெளிமானும் ஓநாயும் கானமயிலும் அங்கேயே வாழ்ந்தன. காலப்போக்கில் காவல் நிலங்கள் பெரும்பாலும் பிற காரியங்களுக்குப் போயின. சித்திரதுர்க்கா ஜில்லாவின் சல்லகெரே தாலுகாவில் இந்நூற்றாண்டில் சுமார் 10,000 ஏக்கர் பல்வேறு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டு, வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. புல்வெளியைத் தரிசு என்று எழுதுவோருக்கு அதில் மேயும் மாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊர்ப் புல்வெளி குறையக் குறைய மாடு காட்டை நோக்கி நடக்கிறது. புலியின் வாயிலில் விழுகிறது.

ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. பெங்களூருக்கு வடமேற்கே, நகரின் வாயிலிலேயே, ஹெசரகட்டாப் புல்வெளி இருக்கிறது. 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக்கக் கர்நாடக மந்திரிசபை 2024 அக்டோபரில் இசைந்தது. இவ்வகைக் காப்பகத்தில் சுற்றிலும் வாழும் மக்களின் உரிமைகள் பறிக்கப்படுவதில்லை என்பது சட்டத்தின் ஏற்பாடு. அப்புல்வெளியில் ஊர் மாடும் வலசைப் பறவையும் ஒருங்கே வாழலாம்; இவ்வழி பிற காவல்களுக்கும் பரவுமாயின் காட்டின் மேலுள்ள சுமை பெரிதும் குறையும்.

நஷ்டஈடு எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் சொல்லவில்லை. அது பெரும்பாலும் மாட்டின் முழு விலைக்கு ஈடாவதில்லை. இழந்த பாலுக்கும் உழவுக்கும் கணக்கே இல்லை. பணம் வந்தாலும் புலியின் பசி குறையாது. ஆயினும் அது ஒரு வாக்குறுதி. உன் இழப்பை நாடு அறியும், உன்னோடு அதைப் பகிர்ந்துகொள்ளும் என்பதே அவ்வாக்கு. அதைக் காலத்தில் காப்பாற்றினால் காட்டோர மக்கள் புலிக்குக் காவலராவர். காப்பாற்றத் தவறினால் அவர்களே அதற்குப் பகைவராவர். வேலியும் கேமராவும் அதற்குப் பின்னரே.

காட்டோரத்தில் கால்நடை வளர்க்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். காட்டு விலங்கால் மாடோ ஆடோ கொல்லப்பட்டால் உடலை அகற்றாதீர்கள். அன்றைக்கே வனத்துறைக்கு அறிவியுங்கள். கால்நடை மருத்துவரையும் அழையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நகலையும், கொடுத்த தேதியையும் பத்திரப்படுத்துங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதில் நாணம் வேண்டா. இரவில் கன்றையும் ஆட்டையும் கூரையுள்ள கொட்டகையில் அடையுங்கள். நகரத்தில் வாழும் நாமோ, புலியைக் காக்க வேண்டுமென்று குரல் எழுப்பும்போதெல்லாம், மாட்டை இழந்தவருக்கு உரியது போய்ச் சேர்ந்ததா என்றும் சேர்த்துக் கேட்போமாக.

முன்னோர் புலியைக் குத்தி மாண்டவனுக்குக் கல் நட்டனர். நாம் புலியைக் குத்த வேண்டா. எவரும் மாளவும் வேண்டா. புலியும் வாழ, பட்டியும் நிறைய, இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறையை நிலைநாட்டினால் போதும். அம்முறையே நம் காலத்தின் நடுகல்லாக நிற்கும்.